பழைய பக் எண்ணுக்கு என்ன ஆகும்? டிராக்கர் மாற்றத்தின் உள்விவகாரம்

மென்பொருள் கோளாறுகளை, அதாவது பக்குகளை, எண் கொடுத்துப் பதிந்துவைக்கும் மென்பொருள்தான் டிராக்கர். 2014 நவம்பரில் விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா, பக்ஸில்லா என்ற டிராக்கரை விட்டு ஃபேப்ரிகேட்டர் என்ற டிராக்கருக்கு மாறியபோது ஒரு சின்னக் கூட்டல் கணக்கு போட்டார்கள். பழைய பக் எண்ணோடு 2000-ஐக் கூட்டினால் புதிய எண். பழைய 1 இப்போது டி2001, பழைய 40000 இப்போது டி42000. ஃபேப்ரிகேட்டரின் தொடக்க எண்கள் ஏற்கெனவே வேறு பணிகளுக்குப் போயிருந்ததால் எண்களை அப்படியே கொண்டுவர வழியில்லை. அதற்காக எல்லாவற்றையும் கலைத்துப் போடவும் அவர்களுக்கு மனமில்லை. இன்றைக்கும் ஒரு பழைய கமிட் குறிப்பில் (கோடில் செய்த ஒரு மாற்றத்தோடு எழுதிவைக்கும் குறிப்பு அது) பக் எண்ணைப் பார்ப்பவர், தேடல் பெட்டி எதுவும் இல்லாமல் மனக்கணக்கிலேயே புதிய பக்கத்துக்குப் போய்விடலாம்.

டிராக்கரை மாற்றப்போகும் குழுக்கள் பெரும்பாலும் ஓர் ஒப்பீட்டு அட்டவணையில்தான் ஆரம்பிக்கின்றன. எதில் கான்பன் பலகை இருக்கிறது, எதில் தேடல் வேகம், எது பார்க்க நன்றாக இருக்கிறது என்று போகும் அது. இவையெல்லாம் இரண்டு வாரத்தில் பழகிப்போகும் சமாச்சாரங்கள். இருபது வருடம் கழித்தும் கூடவே வருவது, பழைய எண்களை எப்படிக் கையாண்டோம் என்பதுதான். என்னைக் கேட்டால் முதல் கூட்டத்திலேயே பேச வேண்டியது அதைத்தான்.

பழசானது எது?

பக்ஸில்லா 1998-இல் மொஸில்லா திட்டத்துக்காக டெர்ரி வைஸ்மன் எழுதியது. முதலில் டிசிஎல் மொழியில் இருந்தது, சீக்கிரமே பெர்லுக்கு மாறியது. டெபியன் லினக்ஸின் டெப்பக்ஸ் அதற்கும் மூத்தது. 1994-இல் இயான் ஜாக்சன் எழுதிய அதில் இன்றும் மின்னஞ்சல் அனுப்பித்தான் பக் பதிய வேண்டும். அப்புறம் 2000-இல் மாண்டிஸ், 2004-இல் டிராக், 2006-இல் ரெட்மைன் என்று வரிசையாக வந்தன. இவற்றில் பலவும் இன்றும் எங்கோ நிம்மதியாக ஓடிக்கொண்டிருக்கின்றன. மொஸில்லாவே பக்ஸில்லாவை விடவில்லை. லிப்ரே ஆஃபீஸும் கேடிஇ-யும் அதில்தான் இருக்கின்றன. ஜாங்கோவும் வேர்ட்பிரஸ் மையக் குழுவும் டிராக்கிலேயே இருக்கின்றன. ரூபி மொழி ரெட்மைனில்.

அப்படியென்றால் பழசானது எது? பெரும்பாலும், டிராக்கர் ஓடும் சர்வரைச் சுற்றியிருந்த ஏற்பாடு. டெம்ப்ளேட்டுகளில் கைவைத்து நமக்கு வேண்டியபடி மாற்றியவர் திட்டத்தை விட்டுப் போயிருப்பார். அந்த மாற்றங்கள் இருப்பதால் புதிய பதிப்புக்கு ஏற முடியாது. புதிய பதிப்புக்கு ஏறாததால் பழைய இயங்குதளத்தை விட முடியாது. பழைய இயங்குதளத்துக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றிருக்கும். ஒன்றைத் தொட்டால் மற்ற மூன்றும் அவிழ்ந்துவிடும் என்ற பயத்தில் யாரும் எதையும் தொடமாட்டார்கள். மென்பொருளும் சில நேரம் இதற்குத் துணைபோகும். பக்ஸில்லா 5.0 வந்தது 2015-இல். 5.2 வர 2024 ஆகிவிட்டது.

பயம் வெறும் கற்பனையும் அல்ல. 2014-இல் செக் பாயிண்ட் ஆய்வாளர்கள் பக்ஸில்லாவில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். பெர்லில் ஒரு சார்பை (ஃபங்க்ஷன்) எந்தச் சூழலில் கூப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து அது ஒரு மதிப்பைத் தரும், அல்லது ஒரு பட்டியலையே தரும். புதுக் கணக்கு தொடங்கும் படிவத்தில் ஒரே புலத்தைப் பலமுறை நிரப்பி அனுப்பினால், உள்ளே அந்தப் பட்டியல் வழிந்து மின்னஞ்சல் முகவரியின் இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். அதாவது, நமக்குச் சொந்தமில்லாத முகவரியில், சரிபார்ப்பு எதுவும் இல்லாமல், கணக்கு திறக்கலாம். பல நிறுவல்களில் இன்ன டொமைனில் முகவரி இருந்தால் இன்ன ரகசியக் குழுவில் சேர்த்துவிடு என்று தானியங்கி விதி வைத்திருப்பார்கள். மீதியை ஊகித்துக்கொள்ளலாம். உடனே திருத்தம் வந்தது. ஆனால் ஆள் இல்லாத சர்வரில் அதை யார் போடுவது?

இன்னொரு காரணமும் உண்டு, பலர் வெளிப்படையாகச் சொல்வதில்லை. கோட் இருக்கும் இடம் மாறிவிட்டது. கோடை வைத்துப் பகிரும் தளங்களான கிட்ஹப்புக்கோ கிட்லேபுக்கோ கோட் போன பிறகு, பக் பதிய மட்டும் வேறொரு தளத்தில் கணக்கு திற என்றால் புதியவர்கள் வரமாட்டார்கள். பல திட்டங்களை மாற்றத்தை நோக்கித் தள்ளியது இதுதான். பழைய டிராக்கர் மோசம் என்பதெல்லாம் பிறகு சேர்த்துக்கொண்ட நியாயம்.

புலங்கள் எங்கே போகும்?

பக்ஸில்லாவில் ஒரு பக்குக்கு ஏகப்பட்ட புலங்கள். எந்தத் தயாரிப்பு, அதில் எந்தப் பகுதி, எந்தப் பதிப்பு, தீவிரம், முன்னுரிமை, நிலை, முடிவு, எது எதைத் தடுக்கிறது, யாருக்கெல்லாம் நகல் போக வேண்டும் என்று நீண்டுகொண்டே போகும். கிட்ஹப்பில் அடிப்படையில் இரண்டே நிலைகள்: திறந்தது, மூடியது. மூடியதற்குக் காரணம் சொல்லும் வசதியே 2022-இல்தான் வந்தது. மற்றதில் பெரும்பகுதியை லேபிள்களில் திணிக்க வேண்டும்.

திணிக்கும்போது ஒரு உண்மை வெளியே வரும். பாதிப் புலங்களை யாரும் ஒழுங்காக நிரப்பியதே இல்லை. தீவிரம் என்ற புலத்தில் ஆயிரக்கணக்கான பக்குகள் இயல்பான மதிப்பிலேயே கிடக்கும், ஏனென்றால் பதிந்தவர் அதைத் தொடவே இல்லை. இதை லேபிளாக மாற்றிப் புதிய இடத்துக்கும் கொண்டுபோவது வீண் வேலை. தாராளமாக விட்டுவிடலாம். விடக் கூடாதது இரண்டு: எது எதன் நகல் என்ற தகவல், எது எதைச் சார்ந்திருக்கிறது என்ற தகவல். இவை இரண்டும் ஒரு பக்கை இன்னொரு பக்கோடு கட்டும் முடிச்சுகள். பத்து பேர் தனித்தனியாகப் புகார் செய்த ஒரே கோளாறைக் கண்டுபிடித்து ஒன்றாகச் சேர்க்க யாரோ ஒருவர் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். தரவை இடம்மாற்றும் ஸ்கிரிப்ட் எழுதும் அவசரத்தில் முதலில் தொலைவது அவர் உழைப்புதான்.

பக்ஸில்லா தரவுத்தளத்தில் கருத்துகள் ஒரு அட்டவணையிலும், யார் எப்போது எந்தப் புலத்தை எதிலிருந்து எதற்கு மாற்றினார் என்ற வரலாறு இன்னொரு அட்டவணையிலும் இருக்கும். பெரும்பாலான மாற்ற ஸ்கிரிப்டுகள் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுகின்றன. விளைவு, "இதை ஏன் மறுபடி திறந்தீர்கள்?" என்ற கருத்து இருக்கும், திறந்தது யார் என்பது இருக்காது. உரையாடலில் ஒரு பக்கம் மட்டும் கேட்பது மாதிரி இருக்கும்.

எண்கள்

கிட்ஹப்பில் பக் பதிவுக்கு இஷ்யூ என்று பெயர், கோடில் ஒரு மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் வேண்டுகோளுக்குப் புல் ரிக்வெஸ்ட் என்று பெயர். இரண்டுக்கும் ஒரே எண் வரிசை. கோட் முதலில் போய், சில வருடம் கழித்து பக்குகள் போனால், அந்த எண்களில் பாதியை ஏற்கெனவே புல் ரிக்வெஸ்ட்டுகள் பிடித்திருக்கும். பைத்தானுக்கு நேர்ந்தது இதுதான். 2017-இல் கோட் கிட்ஹப்புக்கு வந்தது. பக்குகள் ரவுண்டப் என்ற டிராக்கரிலேயே 2022 ஏப்ரல் வரை இருந்தன. கடைசியில் அவையும் வந்தபோது பழைய எண்கள் காலியாக இல்லை, எல்லாவற்றுக்கும் புது எண்.

அவர்களைக் காப்பாற்றியது முன்னொட்டு. இடைப்பட்ட வருடங்களில் கமிட் குறிப்புகளில் வெறும் எண்ணைப் போடாமல் "பிபிஓ-" (பழைய டிராக்கரின் முகவரியான bugs.python.org-இன் சுருக்கம்) என்று சேர்த்தே எழுதி வந்தார்கள். அதனால் பழைய டிராக்கர் எண்ணா, கிட்ஹப் எண்ணா என்ற குழப்பம் வராது. மாறிய பிறகு புதியவற்றுக்கு கிட்ஹப்பைக் குறிக்கும் "ஜிஎச்-" போட்டுக்கொண்டார்கள். பழைய தளமும் அழிக்கப்படவில்லை. ஒவ்வொரு பழைய பக்கத்திலும் புதிய இடத்துக்கு இணைப்பு இருக்கிறது. டிராக்கரை மாற்றும் எண்ணமே இல்லாத திட்டங்கள்கூட இன்றைக்கே இந்த முன்னொட்டுப் பழக்கத்தைத் தொடங்கலாம். செலவே இல்லாத காப்பீடு இது.

கம்பைலர்கள் உருவாக்க உதவும் எல்எல்விஎம் திட்டம் 2021 டிசம்பரில் பக்ஸில்லாவிலிருந்து கிட்ஹப்புக்கு வந்தது. அங்கே சிக்கல் வேறு வடிவத்தில். அந்தச் சமூகத்தில் பக்கை "பிஆர்" என்று எண்ணோடு குறிப்பிடுவதுதான் வழக்கம், பிரச்சினை அறிக்கை என்ற பொருளில். கோட் முழுக்க, சோதனைக் கோப்புகளின் பெயர்களில்கூட, பிஆர் என்று ஆரம்பிக்கும் எண்கள். கிட்ஹப் உலகில் பிஆர் என்றால் புல் ரிக்வெஸ்ட். 2023-இல் கோட் மதிப்பாய்வும் அங்கேயே வந்த பிறகு, ஒரே குறிக்கு இரண்டு பொருள். எண்களும் மாறியிருந்தன. அவர்கள் முன்பிருந்த குறுக்கு முகவரிகளை விட்டுவிடாமல், பழைய எண்ணை அடித்தால் சரியான புதிய இஷ்யூவுக்குத் திருப்பிவிடும்படி செய்தார்கள்.

கமிட் குறிப்புகளை மாற்றி எழுதினால் என்ன என்று யாராவது கேட்பார்கள். கோடின் வரலாற்றைச் சேமிக்கும் கிட்டில் ஒரு கமிட்டின் குறிப்பில் ஒரு எழுத்தை மாற்றினாலும் அதன் ஹாஷ், அதாவது அதன் அடையாளக் குறியீடு, மாறும், அதற்குப் பின்னால் வரும் அத்தனை கமிட்டின் ஹாஷும் மாறும். எல்லோருடைய நகலும் கெட்டுப்போகும். ஆக, கடந்த காலம் எழுதியது எழுதியபடியே இருக்கும். அது சுட்டும் இடத்தைத்தான் நாம் உயிரோடு வைக்க வேண்டும்.

வெறும் உரை, மார்க்டவுன் ஆகும்போது

பழைய டிராக்கர்களில் கருத்து என்பது வெறும் உரை. எழுதியது அப்படியே தெரியும். புதியவற்றில் மார்க்டவுன், அதாவது சில குறிகளை இணைப்பாகவும் வடிவமைப்பாகவும் மாற்றிக் காட்டும் எழுத்துமுறை. இங்கேதான் வேடிக்கை.

ஒரு நிரல் செயலிழந்தால், பிழை தேடும் கருவியான ஜிடிபி, எந்தச் சார்பு எதைக் கூப்பிட்டது என்ற ஒரு அடுக்கு விவரம் தரும். ஒவ்வொரு வரியும் #0, #1, #2 என்று தொடங்கி, அடுத்து நினைவக முகவரி, சார்பின் பெயர் என்று போகும். பழைய டிராக்கரில் மக்கள் இதை ஆயிரக்கணக்கில் ஒட்டியிருப்பார்கள். அப்படியே இறக்குமதி செய்தால் #1 என்பது இஷ்யூ 1-க்கான இணைப்பாகிவிடும், #2 இஷ்யூ 2-க்கு. முதல் பத்து இருபது இஷ்யூக்களின் பக்கத்தைத் திறந்தால், சம்பந்தமே இல்லாத நூற்றுக்கணக்கான பக்குகள் "உங்களைக் குறிப்பிட்டன" என்று வரிசையில் நிற்கும்.

@ குறி இன்னும் மோசம். அதற்குப் பின் வரும் பெயரை ஒரு பயனரின் பெயராக கிட்ஹப் எடுத்துக்கொள்ளும். ஜாவாவில் @ஓவர்ரைட், பைத்தானில் @ப்ராபர்ட்டி, எல்எல்விஎம்-இன் இடைநிலை மொழியில் ஒவ்வொரு சார்பின் பெயருக்கு முன்னும் ஒரு @. கிட்ஹப்பில் அந்தப் பெயரில் கணக்கு வைத்திருக்கும் யாரோ ஒரு அப்பாவிக்கு, கேள்விப்பட்டே இராத ஒரு திட்டத்திலிருந்து அறிவிப்புகள் கொட்டும். இதைத் தடுக்க வழி சுலபம்தான்: பழைய கருத்து முழுவதையும் கோட் தொகுதிக்குள் அடைப்பது, அல்லது @ குறிக்கும் பெயருக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்தை நுழைப்பது. முதலாவது பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் நம்பலாம். இரண்டாவது அழகாக இருக்கும், யாராவது அந்தக் கோடை நகலெடுத்து ஓட்டிப் பார்க்கும்வரை. நான் அசிங்கத்தின் பக்கம்.

எழுத்துக் குறியாக்கம் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய மைஎஸ்கியூஎல் தரவுத்தள நிறுவல்களில் யுடிஎஃப்8 என்ற பெயரில் இருந்தது உண்மையில் மூன்று பைட் வரைக்கும்தான் தாங்கும். நான்கு பைட் தேவைப்படும் ஒரு இமோஜி வந்தால், கண்டிப்பு அமைப்பு இல்லாத சர்வர் அந்த இடத்தோடு உரையை வெட்டிவிட்டுச் சத்தமில்லாமல் சேமித்திருக்கும். நன்றி சொல்லி இமோஜி போட்டு அதற்குக் கீழே முக்கியமான விவரம் எழுதியவரின் விவரம் போயே போய்விட்டது. அது இறக்குமதி ஸ்கிரிப்ட்டின் தவறல்ல, ஆனால் பழி அதன் மேல்தான் விழும். நேரமும் அப்படித்தான். பக்ஸில்லா நேரத்தைச் சர்வரின் உள்ளூர் நேரத்தில் எழுதிவைக்கும், எந்த மண்டலம் என்று குறிக்காது. சர்வர் நடுவில் வேறு நாட்டுக்கு இடம் மாறியிருந்தால், பதில் முன்னாலும் கேள்வி பின்னாலும் வரும்.

எழுதியவர் யார்?

கிட்ஹப்பில் சாதாரணமாக வேறொருவர் பெயரில் கருத்து பதிய முடியாது. எல்எல்விஎம்-இன் பழைய பக்குகளைத் திறந்து பாருங்கள். பலவற்றையும் எழுதியவர் எல்எல்விஎம்பாட் என்ற ஒரே தானியங்கிக் கணக்கு. பழைய பக்ஸில்லா இணைப்பு எது என்பது போன்ற விவரம் மேலே ஒரு சின்ன அட்டவணையில் இருக்கும். இருபது வருடம் பக் திருத்தியவரின் பங்களிப்பு ஒரு பாட்டின் கணக்கில் போவது சிலருக்கு வருத்தமாக இருக்கும். நியாயமான வருத்தம்தான். சொந்தமாக நடத்தும் கிட்லேபில் நிர்வாகி உரிமையோடு உருவாக்கிய தேதியையும் எண்ணையும்கூட நாமே கொடுக்கலாம். நாமே நிறுவி நடத்தும் கிட்டீ, ஃபோர்ஜியோ போன்றவற்றில் தரவுத்தளமே நம் கையில்.

பெயரோடு மின்னஞ்சல் முகவரியும் வருகிறது. பக்ஸில்லா போன்ற பழைய டிராக்கர்களில் முகவரிதான் பயனர் பெயர். உள்நுழைந்தவர்களுக்கு மட்டும் தெரிந்த அதை யோசிக்காமல் பொதுவெளியில் இறக்கினால், அவர்கள் ஒப்புக்கொள்ளாத ஒன்றைச் செய்கிறோம். @ குறிக்கு முன்னால் இருக்கும் பகுதியோடு நிறுத்திக்கொள்வது போதும்.

ரகசிய பக்குகள்தான் தூக்கத்தைக் கெடுப்பவை. பாதுகாப்புக் கோளாறுகள் ஒரு குழுவுக்கு மட்டும் தெரியும்படி பூட்டப்பட்டிருக்கும். சில பக்குகள் பொதுவானவை, ஆனால் நடுவில் ஒரு கருத்தோ இணைப்புக் கோப்போ மட்டும் ரகசியம். 2015-இல் மொஸில்லாவில் சிறப்பு உரிமை கொண்ட ஒருவரின் கணக்கு வழியாக யாரோ புகுந்து வெளியிடப்படாத பாதுகாப்பு பக்குகளைப் படித்தார்கள். அவர் அதே கடவுச்சொல்லை வேறொரு தளத்திலும் வைத்திருந்தார், அங்கிருந்து அது கசிந்தது. அங்கே ஒரு திருடன் தேவைப்பட்டான். தவறான இறக்குமதி அந்த வேலையைத் திருடன் இல்லாமலே செய்துவிடும். ஸ்கிரிப்ட்டை நிர்வாகி கணக்கில் ஓட்டாமல், எந்த உரிமையும் இல்லாத பார்வையாளராக ஓட்டுவது பாதுகாப்பானது. அவருக்குத் தெரியாதது புதிய இடத்துக்குப் போகாது. ரகசியமானவற்றைத் தனியாக, கையால், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் கொண்டுபோக வேண்டுமா?

ஒரு கணக்கு. கிட்ஹப் ஏபிஐ (நிரல்கள் அந்தத் தளத்தோடு பேசும் வழி) வழியாகப் புதிதாக எதையாவது உருவாக்க மணிக்குச் சுமார் 500 என்று வரம்பு உண்டு. 50,000 பக்குகள், ஒவ்வொன்றுக்கும் சராசரியாக நான்கு கருத்துகள் என்றால் மொத்தம் இரண்டரை லட்சம் உருவாக்கங்கள். 500 மணி நேரம், கிட்டத்தட்ட மூன்று வாரம், இடைவிடாமல். பெரிய திட்டங்களுக்கு கிட்ஹப்பே உதவிக்கு வந்திருக்கிறது, மற்றவர்கள் காத்திருக்க வேண்டியதுதான்.

லினக்ஸ் பணிமேடைத் திட்டமான க்னோம் 2018-இல் கிட்லேபுக்கு மாறியபோது வேறு வழி எடுத்தது. எந்தெந்த பக்குகள் வர வேண்டும் என்பதை அந்தந்தப் பகுதியின் பராமரிப்பாளர்கள் முடிவுசெய்தார்கள். நகர்ந்த பக்கின் பழைய பக்கத்தில் ஸ்கிரிப்டே கடைசிக் கருத்தாகப் புதிய முகவரியை எழுதி மூடியது. மூடப்பட்ட பழையவை பக்ஸில்லாவிலேயே, படிக்க மட்டும், தங்கின. ஆர்ச் லினக்ஸும் 2023-இல் ஃப்ளைஸ்ப்ரே என்ற டிராக்கரிலிருந்து கிட்லேபுக்குப் போனபோது பழையதை நிலையான பக்கங்களாக மாற்றி வைத்துக்கொண்டது.

எனக்கு இதுதான் சரியான வழியாகத் தெரிகிறது. உயிரோடு இருப்பது போகட்டும், முடிந்தது இருந்த இடத்திலேயே இருக்கட்டும். நிலையான எச்டிஎம்எல் பக்கங்களுக்குப் பெர்லும் வேண்டாம், தரவுத்தளமும் வேண்டாம், ஓட்டையும் இல்லை. தேடல் வசதி போகும் என்பது மட்டும் நிஜமான இழப்பு. இறக்குமதி ஓடும்போது மின்னஞ்சல் அனுப்பும் சர்வரை அணைத்து வைக்க வேண்டும் என்பதைச் சொல்லவே தேவையில்லை. ஆனாலும் ஒவ்வொரு வருடமும் எங்காவது ஒரு குழு அதை மறந்து, ஆயிரக்கணக்கானவர்களின் அஞ்சல்பெட்டியை நிரப்புகிறது.

போகும் இடமும் ஒரு நாள் பழசாகும். விக்கிமீடியா போய்ச்சேர்ந்த ஃபேப்ரிகேட்டரை உருவாக்கிய நிறுவனம் 2021-இல் கடையை மூடிவிட்டது. ஃபோர்ஜ் என்ற பெயரில் சமூகம் ஒரு கிளையை எடுத்து நடத்துகிறது. முப்பரிமாண வரைகலை மென்பொருளான பிளெண்டர் 2023-இல் ஃபேப்ரிகேட்டரிலிருந்து கிட்டீக்குக் கிளம்பிவிட்டது. ஆகவே உள்ளே போகுமுன் வெளியேறும் கதவைப் பரிசோதிப்பது நல்லது. சோதனைக்கு ஐந்து பக்குகளைப் போட்டு, கருத்தும் இணைப்புக் கோப்பும் நிலை மாற்ற வரலாறும் சேர்த்து, ஏற்றுமதி செய்து பாருங்கள். வரலாறு வரவில்லையென்றால் அந்த மென்பொருளின் விளம்பரப் பக்கத்தை மறுபடி படித்துப் பயனில்லை.

எல்லாம் முடிந்த பிறகு மிஞ்ச வேண்டியது இரண்டு நெடுவரிசைகள் கொண்ட ஒரு எளிய உரைக்கோப்பு: இடப்பக்கம் பழைய எண், வலப்பக்கம் புதிய முகவரி. எந்த வலைச் சர்வரும் அதை வைத்துத் திருப்பிவிடும் வேலையைச் செய்துவிடும். அந்தக் கோப்பைச் சர்வரில் மட்டும் வைக்காமல் கோட் களஞ்சியத்துக்குள்ளேயே கமிட் செய்யுங்கள். அப்புறம், பழைய டிராக்கரின் டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, அடுத்த புதுப்பிப்பு எப்போது, பணம் யாருடைய அட்டையிலிருந்து போகிறது என்பதையும் அன்றைக்கே கேட்டு எழுதி வையுங்கள். நான் பார்த்தவரையில் பழைய இணைப்புகள் அதிகமாகச் செத்துப்போவது அங்கேதான்.